இன்டிபென்டன்ஸில் ட்ரூமன் வீடு: போகலாமா, எதை முதலில் பார்ப்பது?

மிசூரி மாநிலத்தில், கான்சஸ் சிட்டியை ஒட்டிக் கிழக்கே இன்டிபென்டன்ஸ் என்று ஓர் ஊர். அமெரிக்காவின் 33வது அதிபர் ஹாரி ட்ரூமன் குடியிருந்த வீடு அங்கே அவர்கள் விட்டுப்போன மாதிரியே நிற்கிறது, தேசியப் பூங்காத் துறை பார்த்துக்கொள்கிறது. அந்த வீடு, அதே ஊரில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகம், கடைவீதியில் ஓர் ஐஸ்கிரீம் கடை, தெற்கே கிராண்ட்வியூவில் அவர் ஏர் ஓட்டிய பண்ணை, இந்த நாலுக்கும் சேர்த்துத்தான் இந்த விமர்சனம். முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, அருங்காட்சியகத்துக்கு நாலரை, பண்ணைக்கு நாலு, ஐஸ்கிரீமுக்கு உங்கள் சர்க்கரை அளவைப் பொறுத்து.

வருகிறவர்களில் பலர் நேராக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, நேரமிருந்தால் வீட்டை எட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். மனிதர் 1884 மே 8 அன்று பிறந்து 1972 டிசம்பர் 26 வரை, 88 வயது வாழ்ந்தவர். அதில் அதிபராக இருந்தது எட்டு வருடம்கூட முழுசாக இல்லை. மீதி எண்பது வருடத்தில் மருந்துக்கடைப் பையன், ரயில்பாதை போடும் ஆட்களுக்கு நேரக் கணக்கு எழுதினவர், பேங்க் கிளார்க், விவசாயி, பீரங்கிப் படை கேப்டன், கடன்பட்ட துணிக்கடைக்காரர், மாவட்ட நிர்வாகி, செனட்டர், கடைசியில் தொப்பி போட்டுக்கொண்டு காலையில் நடக்கப்போகும் தாத்தா. அருங்காட்சியகம் அந்த எட்டு வருடத்துக்கு நிறைய இடம் கொடுக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆளை முதலில் தெரிந்துகொண்டு அங்கே போனால் பார்க்கிற பார்வையே வேறு.

எங்களோடு ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரும் இருந்தார். கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன், நகைக்கடன் என்று காலம் தள்ளி ஓய்வுபெற்றவர். "அணுகுண்டு போட்டவர்தானே, அவர் வீட்டுல என்ன மாப்பிள்ளை பார்க்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் காரில் ஏறினார். அவரை வைத்துச் சொல்வதுதான் சரியான விமர்சனமாக இருக்கும், ஏனென்றால் வரலாற்றில் ஆர்வமே இல்லாதவரை இந்த இடம் எவ்வளவு தூரம் இழுத்தது என்று பக்கத்திலிருந்து பார்த்தேன்.

வீட்டுக்கு நேராகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. மெயின் தெருவில் பழைய தீயணைப்பு நிலையக் கட்டிடத்தில் பார்வையாளர் மையம் இருக்கிறது, அங்கே போய் அன்றைய சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு ஏழெட்டுப் பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். வீட்டுக்குள் சுற்றுவது அரை மணி நேரம்தான், ஆனால் அவசரப்படுத்துவதில்லை. ஒரு ரேஞ்சர் (பூங்காத் துறை ஊழியர்) கூடவே வருகிறார், கேள்வி கேட்டால் முகம் மலர்கிறது. கோடை விடுமுறையில் காலையிலேயே போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வடக்கு டெலவேர் தெரு 219. வெள்ளை மர வீடு, பெரிய வராந்தா, சுற்றி இரும்பு வேலி. வெளியே பார்த்தால் பணக்கார வீடுதான். அது ட்ரூமன் கட்டியதல்ல. அவர் மனைவி பெஸ்ஸின் தாத்தா, கேட்ஸ் என்பவர், மாவு மில் வைத்திருந்தவர், அவர் கட்டியது. அவருடைய மில்லில் அரைத்த "குவீன் ஆஃப் தி பேன்ட்ரி" மாவு அந்தக் காலத்தில் நல்ல பேர் வாங்கின சரக்கு. கோதுமை விதைத்தவன் மாவு மில்காரர் பேத்தியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே குடிவந்த கதை இது. பெஸ்ஸின் அப்பா 1903இல் தற்கொலை செய்துகொண்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அப்பா வீட்டோடு வந்துவிட்டார். பிறகு பெஸ் அம்மாவை விட்டுத் தனியே போகவே இல்லை. 1919இல் கல்யாணம் ஆனதும் ட்ரூமன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார்.

இதை ரேஞ்சர் சொன்னதும் மாமனார் என் காதருகே, "அப்ப இவரு வீட்டோட மாப்பிள்ளையா?" என்றார். ஆமாம் என்றேன். அப்போதிலிருந்து அவர் மூன்றடி முன்னால் நடக்க ஆரம்பித்தார், ரேஞ்சர் பக்கத்திலேயே.

மாமியார் மேட்ஜ் வாலஸ் கடைசிவரை மாப்பிள்ளையை முழு மனதோடு ஏற்றுக்கொள்ளவில்லை என்பது ஊரறிந்த விஷயம். தன் மகளுக்குக் கடன்கார விவசாயி தகுதியில்லை என்ற எண்ணம். மாப்பிள்ளை செனட்டர் ஆனார், துணை அதிபர் ஆனார், அதிபரும் ஆனார், அந்த எண்ணம் பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் செலவில் வெள்ளை மாளிகையில் வந்து தங்கி, 1952 டிசம்பரில் அங்கேயே காலமானார். "வெள்ளை மாளிகைக்குமா!" என்று மாமனார் தமிழில் சத்தமாகவே சொல்லிவிட்டார், கூட நின்ற ஓஹையோ தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா இறந்த பிறகுதான் பெஸ்ஸின் சகோதரர்களின் பங்கை வாங்கி வீட்டைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். அதாவது முப்பது வருடத்துக்கு மேல் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு, உலகத்தின் பெரிய பதவியிலிருந்து இறங்கி வருகிற நேரத்தில்தான் மனிதருக்குச் சொந்த வீடு.

உள்ளே போனால் பணக்கார வீடு என்ற எண்ணம் மெல்ல இறங்கிவிடும். சமையலறையில் சின்ன மேஜை, அதில்தான் இரண்டு பேரும் காலை உணவு சாப்பிட்டார்கள். தரையில் போட்டிருக்கும் லினோலியம் விரிப்பைக் குனிந்து பாருங்கள். கிழிந்த இடத்தில் புதிது போடாமல் சின்ன ஆணியால் அடித்து ஒட்டவைத்திருக்கிறார்கள். உலகப் போரை முடித்துவைத்த ஆளின் அடுப்படி அது. பின்பக்கம் போகிற வழியில் ஆணியில் அவருடைய கோட்டும் தொப்பியும் தொங்குகின்றன. 1972இல் அவர் இறந்த பிறகு பெஸ் பத்து வருடம் அதே வீட்டில் தனியாக இருந்தார், 1982இல் 97 வயதில் இறக்கும் வரை, அவற்றை எடுக்கவே இல்லை. வீட்டை அரசாங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார், 1984இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

முன் அறையில் ஒரு பியானோ இருக்கிறது. மகள் மார்கரெட்டுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கியது. எட்டு வயதுப் பெண் பொம்மை ரயில் கேட்டாள், அப்பா பியானோ வாங்கினார், அவள் அழுதாள். (எல்லா ஊரிலும் அப்பாக்கள் இப்படித்தான் போலிருக்கிறது.) பக்கத்தில் சின்னதாக ஒரு படிப்பறை, சுவர் நிறையப் புத்தகம். கேரேஜில் அவர் கடைசியாக வாங்கிய 1972 கிரைஸ்லர் நியூபோர்ட் நிற்கிறது, வாங்கிச் சில மாதங்களில் மனிதர் போய்விட்டார்.

மாடிக்கு விடமாட்டார்கள். மகள் இருக்கும் வரை மாடி திறக்கக்கூடாது என்று பெஸ் சொல்லியிருந்தார், மகள் 2008இல் காலமான பிறகும் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். இதற்காக மதிப்பெண் குறைப்பவர்கள் உண்டு. எனக்கு இது சரியென்றே படுகிறது. பெஸ் வாழ்நாள் முழுக்க வெளியுலகத்துக்கு முகம் காட்டாமல் இருந்தவர், அவர் படுக்கையறைவரை நாம் போய் என்ன ஆகப்போகிறது? கீழே கணப்படுப்பு இருக்கிறது. அதன் முன் உட்கார்ந்து அவர் கணவருக்கு எழுதிய பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டிருந்தாராம். ட்ரூமன் பார்த்துப் பதறி, வரலாற்றை நினைத்துப் பார் என்றிருக்கிறார். நினைத்துத்தான் எரிக்கிறேன் என்றாராம் அந்த அம்மா. அவர் அவளுக்கு எழுதியதில் சுமார் 1,300 கடிதங்கள் தப்பி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அவள் அவருக்கு எழுதியதில் கொஞ்சம்தான் மிச்சம்.

அந்த 1,300இல் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை அங்கிருந்துதான் பண்ணைக்குப் போகிறது. 1911 ஜூன், மழை பொய்த்துக் காடு காய்ந்து கிடக்கிறது. ட்ரூமன் பெஸ்ஸுக்கு எழுதுகிறார்: இப்படியே போனால் தண்ணீரும் உருளைக்கிழங்கும் அன்னாசிப் பழம், வைரம் மாதிரி ஆகிவிடும், வைரம் என்றதும் ஞாபகம் வருகிறது, நான் ஒரு மோதிரம் வாங்கிவந்தால் உன் இடது கையில் போட்டுக்கொள்வாயா? வறட்சியில் ஆரம்பித்துக் கல்யாணத்தில் போய் முடியும் கடிதத்தை விவசாயி தவிர வேறு யாரால் எழுத முடியும்! அவள் மாட்டேன் என்றாள். அவர் கோபப்படவில்லை, கடிதம் எழுதுவதையும் நிறுத்தவில்லை. ஆறு வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பார்த்த பெண், 35 வயதில் கல்யாணம். நடுவில் 29 வருடம்.

சரி, வீட்டிலிருந்து வெளியே வந்ததும் நேராகச் சதுக்கத்துக்கு நடந்துவிடுங்கள், பக்கம்தான். கிளின்டன்ஸ் சோடா ஃபவுன்டன் என்று மேப்பிள் தெரு முனையில் ஒரு கடை. அந்த இடத்தில் முன்பு கிளின்டன் என்பவரின் மருந்துக்கடை இருந்தது. 14 வயதில் ட்ரூமனின் முதல் வேலை அங்கேதான்: காலை ஆறரைக்குக் கடை திறந்து, தரை துடைத்து, சீசாக்களின் தூசி தட்ட வேண்டும், வாரத்துக்கு மூன்று டாலர். பொது இடத்தில் மதுவிலக்கு பேசும் ஊர்ப் பெரிய மனிதர்கள் விடிகாலையில் வந்து மருந்து கலக்கும் இடத்துக்குப் பின்னால் நின்று ஒரு மடக்கு விஸ்கி போட்டுவிட்டுப் போவதை அந்தப் பையன் தினமும் பார்த்தான், வயதான பிறகு எழுதியும் வைத்தார். அரசியலுக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறென்ன வேண்டும்.

இப்போது அது பழைய பாணி சோடா, ஐஸ்கிரீம் கடை. ட்ரூமனுக்குப் பிடித்தது என்று சாக்லேட் ஐஸ்கிரீம் மேல் பட்டர்ஸ்காட்ச் ஊற்றித் தருகிறார்கள், அதைத்தான் வாங்கினோம். பட்டர்ஸ்காட்ச் என்பது வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய பாகு, சூடாக ஐஸ்கிரீம் மேல் விழுந்ததும் ஓரத்தில் கொஞ்சம் இறுகி இழுபடும், அந்த ஓரத்தைத்தான் முதலில் சாப்பிட வேண்டும். நல்ல இனிப்பு. என் மனைவிக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை, மாமனார் தன்னுடையதையும் முடித்து மகளுடையதையும் முடித்தார், மாத்திரையை விடுதியில் வைத்துவிட்டு வந்த தைரியத்தில்.

அப்புறம் அருங்காட்சியகம். 1957இல் திறந்தது, 2021இல் முழுக்கப் புதுப்பித்துத் திரும்பத் திறந்தார்கள். இதற்குக் கட்டணம் உண்டு, இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும். நுழைந்ததும் தாமஸ் ஹார்ட் பென்டன் வரைந்த பெரிய சுவரோவியம், மேற்கு நோக்கிப் போன குடியேறிகளும் பூர்வகுடிகளும். ஓவியர் கூப்பிட்டு ட்ரூமனையும் சாரத்தில் ஏற்றி வானத்தில் கொஞ்சம் நீலம் அடிக்கவைத்தாராம், எந்த இடம் என்று தேடிப் பார்க்கலாம், கண்டுபிடிப்பது கஷ்டம். வெள்ளை மாளிகை அலுவலக அறையின் மாதிரி ஒன்று இருக்கிறது. பொறுப்பை வேறு யார் தலையிலும் கட்டமாட்டேன் என்ற அர்த்தத்தில் மேஜையில் வைத்திருந்த அந்தப் புகழ்பெற்ற சின்னப் பலகையும் இருக்கிறது, அதன் பின்பக்கத்தில் தான் மிசூரிக்காரன் என்று எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எனக்கு இங்கே பிடித்தது முதல் உலகப் போர்ப் பகுதி. 1917இல் அவருக்கு 33 வயது. அப்போதைய கட்டாய ராணுவ வயது 31 வரைதான், அதோடு விவசாயி, கண்ணாடியில்லாமல் எதுவும் தெரியாத கண். யாரும் கூப்பிட்டிருக்கப் போவதில்லை. முன்னொரு தடவை தேசியக் காவல்படையில் சேர்வதற்குக் கண் பரிசோதனை அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு போனவர், இந்தத் தடவையும் சேர்ந்துவிட்டார், பிரான்சுக்குக் கண்ணாடியையே பல ஜோடி எடுத்துக்கொண்டு போனார். இந்த நேரத்தில்தான் பெஸ் கல்யாணத்துக்குத் தயார் என்கிறாள், இவர் மறுக்கிறார், கை கால் போய்த் திரும்பிவந்தால் உன்னை அதில் கட்டிப்போட முடியாது என்று.

1918 ஜூலையில் 129வது பீரங்கிப் படையில் டி பேட்டரி என்ற பிரிவுக்குக் கேப்டன் ஆக்கினார்கள். ஏறக்குறைய 200 பேர், கான்சஸ் சிட்டியின் ஐரிஷ் கத்தோலிக்கப் பையன்கள், முன்னால் வந்த அதிகாரிகளை ஒருவழி பண்ணியவர்கள். வோஷ் மலையில் முதல் சண்டை, இருட்டு, சேறு, பதில் குண்டு வந்து விழுந்ததும் ஒரு சார்ஜென்ட் ஓடுங்கடா என்று கத்த, பாதிப் பேர் ஓட்டம். சோடாபுட்டி போட்ட பேங்க் கிளார்க் மாதிரி இருந்த கேப்டன் அங்கேயே நின்று, ரயில்பாதைக் கூலிகளிடம் கற்ற கெட்ட வார்த்தை முழுவதையும் எடுத்துவிட்டாராம். பையன்கள் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து அவர் சொன்னால் சொன்னதுதான். மியூஸ்-ஆர்கோன் சண்டையில் இருந்தார்கள், 1918 நவம்பர் 11 காலை பத்தே முக்கால்வரை சுட்டார்கள், பதினொரு மணிக்குப் போர் நின்றது. அவர் தலைமையில் சண்டைக்களத்தில் ஒரு பையனைக்கூட இழக்கவில்லை என்பதுதான் அந்தப் பேட்டரி ஆட்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. 1949 பதவியேற்பு ஊர்வலத்தில் அதிபரின் காருக்கு இரண்டு பக்கமும் நடந்தவர்கள் யார் தெரியுமா, தொந்தியும் நரையுமாக அதே டி பேட்டரிக்காரர்கள்.

இரண்டாம் உலகப் போர், கொரியாப் போர்ப் பகுதிகளுக்குப் போகும்போது மாமனாரின் கேள்வி திரும்ப வருகிறது. அணுகுண்டை அருங்காட்சியகம் மூடி மறைக்கவில்லை, அதற்குத்தான் நாலரை. 1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி. ஹிரோஷிமாவில் மட்டும் அந்த வருடம் முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. சடாகோ சசாகி என்ற சிறுமி, குண்டு விழுந்தபோது இரண்டு வயது, 1955இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தவள், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே காகிதக் கொக்குகள் மடித்தவள். அவள் மடித்ததில் ஒன்றை அவளுடைய அண்ணன் 2015இல் இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், ட்ரூமனின் பேரன் அதில் முன்னின்றார். விரல் நகம் அளவுதான் இருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு கடிதமும் ஒரு பதக்கமும். கொரியாப் போரில் மகனை இழந்த ஓர் அப்பா, மகனுக்குக் கொடுத்த பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தை ட்ரூமனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். என் மகன் சாவுக்கு நேரடிப் பொறுப்பு நீதான், இதை உன் கோப்பைகளோடு வைத்துக்கொள், உன் மகளுக்கும் இதே கதி நேரவில்லையே என்பதுதான் எங்கள் வருத்தம் என்று. ட்ரூமன் அதை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார், அவர் இறந்த பிறகுதான் எடுத்தார்கள். ஏன் வைத்துக்கொண்டார் என்று அவர் எங்கேயும் விளக்கவில்லை, அருங்காட்சியகமும் விளக்கம் எழுதி ஒட்டவில்லை. மாமனார் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். குண்டைப் பற்றி அவர் அபிப்பிராயம் மாறவில்லை, என்னுடையதும் மாறவில்லை.

வெளியே முற்றத்தில் ட்ரூமனும் பெஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், மகளும் மருமகனும் அங்கேயேதான். அவர் கடைசிக் காலத்தில் தினமும் வந்து வேலைபார்த்த அலுவலகம் எதிரிலேயே. நினைத்தால் எழுந்து அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்பாராம். 1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் இந்தக் கட்டிடத்துக்கே வந்து மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு, முதல் மெடிகேர் அட்டையை ட்ரூமன் கையில் கொடுத்தார். 81 வயது.

கடைசியாகப் பண்ணை. கிராண்ட்வியூ, தெற்கே, காரில் அரை மணி நேரத்துக்குள். 600 ஏக்கர் இருந்ததில் இப்போது பத்து ஏக்கர் போலத்தான் மிச்சம். 1894இல் பாட்டி கட்டிய வெள்ளை மர வீடு, சில மரங்கள், சுற்றி சாலையும் கடைகளும். பக்கத்தில் இருக்கும் ட்ரூமன் கார்னர்ஸ் என்ற கடைத்தொகுதி பண்ணை நிலத்தின் மேல் கட்டியதுதான், 1950களின் கடைசியில் ட்ரூமன் குடும்பமே விற்ற நிலம். பெரிய வயல்வெளியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், அதற்கு ஒரு மதிப்பெண் போயிற்று. வீட்டுக்குள் கூட்டிப்போவது எல்லாக் காலத்திலும் கிடையாது, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வெளியே சுற்றிப் பார்க்கத் தடையில்லை.

1906இல் கான்சஸ் சிட்டி பேங்க் வேலையை விட்டுவிட்டு அப்பா கூப்பிட்டார் என்று இங்கே வந்தவர், 22 வயது. பதினோரு வருடம் இருந்தார். அதிகாலையில் எழுந்து, மூன்று சக்கரச் சட்டத்தில் இரண்டு கொழு பூட்டிய கலப்பையில் நாலு குதிரை கட்டி உழுதார், கோதுமை, மக்காச்சோளம், ஓட்ஸ், மண் வளத்துக்கு க்ளோவர் என்று பயிரை மாற்றி மாற்றிப் போட்டார், கணக்கு எழுதினார். ஒரு கன்றுக்குட்டி அவர் காலை முறித்தது. தன் பிள்ளைக்கு இருந்த புத்தியெல்லாம் இந்தப் பண்ணையில் வந்தது, டவுனில் வந்ததல்ல என்று அவர் அம்மா பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் மாமனார் ரேஞ்சரை விடவில்லை, நான் மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன். 1909இல் பாட்டி இறந்ததும் உயிலை எதிர்த்து மற்றப் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். "பாகப்பிரிவினை கேஸா!" என்று அவர் முகத்தில் ஓர் ஒளி. வழக்குச் செலவு, அப்பா விட்டுப்போன கடன், மாமா விட்டுப்போன கடன், பண்ணைக்கு மேல் அடமானம். ட்ரூமன் தன் பங்குக்குத் துத்தநாகச் சுரங்கத்தில் பணம் போட்டு இழந்தார். போரிலிருந்து வந்து, படையில் நண்பனான எடி ஜேக்கப்சனோடு கான்சஸ் சிட்டியில் ஆண்கள் துணிக்கடை வைத்தார், 1922இல் மூடினார்கள். ஜேக்கப்சன் திவால் கொடுத்தார், இவர் கொடுக்க மறுத்துப் பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். இதெல்லாம் போக, 1938இல் அம்மா பெயரில் மாவட்டப் பள்ளி நிதியிலிருந்து பண்ணைமேல் 35,000 டாலர் கடன். கட்ட முடியவில்லை. 1940இல் ஏலம். மகன் அமெரிக்காவின் செனட்டர், 87 வயது அம்மா பொருட்களை எடுத்துக்கொண்டு ஊருக்குள் சின்ன வீட்டுக்குப் போனார், அங்கே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அரசியல் பகையால் செய்தார்கள் என்று ட்ரூமன் கடைசிவரை நம்பினார். அதிபரான பிறகுதான் நிலத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்க முடிந்தது.

"செனட்டரோட அம்மா நிலத்தையே ஏலம் விட்டிருக்கானுங்க, நம்ம ஊர்ல ஒரு கவுன்சிலர் மச்சானுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியுமா மாப்பிள்ளை?" என்றார். அதற்கு ரேஞ்சரிடம் மொழிபெயர்ப்பு சொல்லவில்லை.

நேரக் கணக்கு வேண்டுமென்றால்: காலையில் முதல் ஆளாகப் போய்ச் சீட்டு வாங்கி வீடு, பிறகு சதுக்கத்தில் ஐஸ்கிரீம், மதியம் முழுக்க அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்ததும் பண்ணை. ஒரே நாளில் முடியும், கான்சஸ் சிட்டியில் தங்கினால் போதும். சின்னக் குழந்தைகளுக்கு வீடு அலுத்துவிடும், எதையும் தொடக்கூடாது. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வீட்டின் படிகளைப் பற்றிப் பார்வையாளர் மையத்திலேயே முன்கூட்டிக் கேளுங்கள். எங்கள் விடுதியில் காலை உணவு என்று வைத்திருந்ததைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன், பேர் வேண்டாம்.

திரும்பும்போது காரில் மாமனார் போனில் கால்குலேட்டரைத் திறந்து, இரண்டு வருடத்துக்கு 35,000 டாலருக்கு வட்டி எவ்வளவு ஆகியிருக்கும் என்று போட்டுக்கொண்டு வந்தார். வட்டி விகிதத்தை ரேஞ்சரிடம் கேட்காமல் விட்டதற்கு என்னைத்தான் திட்டினார்.